முதலில் ஹெட்ஃபோன், அப்புறம் இன்டர்ஃபேஸ்: வீட்டு மிக்ஸிங்குக்கு எதில் எவ்வளவு போடுவது?

"முப்பதாயிரம் வரைக்கும் போடலாம் என்று இருக்கிறேன். ஸ்கார்லெட் வாங்கவா, மோட்டு வாங்கவா? மீதியில் ஏதாவது ஒரு ஹெட்ஃபோன் சொல்லுங்கள்." சாலிகிராமத்திலிருந்து வந்தாலும் தாம்பரத்திலிருந்து வந்தாலும் கேள்வி இப்படித்தான் இருக்கிறது. பட்ஜெட் மாறும், மாடல் பெயர் மாறும். அந்த 'மீதியில் ஏதாவது ஒரு ஹெட்ஃபோன்' மட்டும் மாறுவதே இல்லை.

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள் என்பதுதான் என் பதில். பேஸைக் குறைப்பதா, குரலை முன்னால் கொண்டுவருவதா, ரிவெர்ப் (எதிரொலி போன்ற முழக்கம்) போதுமா என்று மிக்ஸிங்கில், அதாவது தனித்தனியாகப் பதிவானவற்றைச் சேர்த்து ஒரே பாட்டாக்கும் வேலையில், எடுக்கிற ஒவ்வொரு முடிவும் காதில் விழுவதை நம்பி எடுப்பது. இன்டர்ஃபேஸ் என்பது மைக்கையும் ஹெட்ஃபோனையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி, ஸ்கார்லெட்டும் மோட்டுவும் அந்த வகைதான். இன்று விற்கும் நடுத்தர விலை இன்டர்ஃபேஸ்கள் இரண்டைச் சம ஒலியில் வைத்துக் கேட்டால் எது எது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். இரண்டு ஹெட்ஃபோன்களை மாற்றிப் போட்டால் இசைக்குச் சம்பந்தமே இல்லாதவர்கூட வித்தியாசத்தைச் சொல்லிவிடுவார். அதனால் முதலில் ஹெட்ஃபோனை முடிவு செய்யுங்கள். அதை ஒழுங்காக ஓட்டக்கூடிய இன்டர்ஃபேஸ் எது என்பது அதற்கு அடுத்த கேள்வி. சிலருக்கு அந்த இரண்டாவது கேள்வியே தேவைப்படாது, அதையும் கீழே சொல்கிறேன்.

## ஸ்பீக்கரை ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை

நல்ல அறை இருந்தால் ஸ்பீக்கர்தான் சிறந்தது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நம் ஃப்ளாட்டுகளின் படுக்கையறையை அளந்து பாருங்கள். பத்துக்குப் பத்து, உயரமும் கிட்டத்தட்டப் பத்தடி. பத்தடி தள்ளி எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவில் சுமார் 56 ஹெர்ட்ஸில் ஒலி தேங்கி அதிரும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவு என்றால் மூன்றும் அதே 56-இல் வந்து சேர்ந்துகொள்ளும். கிக் டிரம் உட்காருகிற இடம் அது. நாற்காலியை இரண்டடி நகர்த்தினால் பேஸ் காணாமல் போகும், சுவர் ஓரம் போனால் இடிக்கும். இதைச் சரிசெய்ய மூலைகளில் பேஸை உறிஞ்சும் கனமான பேஸ் ட்ராப் வேண்டும். வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே ஓனர் யோசிப்பார். ராத்திரி பதினோரு மணிக்கு தவில் ட்ராக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் கீழ்வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பது வேறு கதை.

ஆகவே ஹெட்ஃபோன். அதோடு, மிக்ஸ் முடிகிற கட்டத்தில் கோடம்பாக்கம், வடபழனி பக்கம் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் சின்ன ஸ்டூடியோ ஒன்றில் ஒரு மணி நேரம் எடுத்து, நல்ல ஸ்பீக்கரில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். சுமாரான ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்குகிற காசில் இப்படிப் பல தடவை போய் வரலாம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், ஒலியை உள்ளபடி காட்டுகிறதா என்பது. இது தலைகீழாக வேலை செய்யும் விஷயம். ஹெட்ஃபோன் பேஸை ஏற்றிக் காட்டினால் நீங்கள் பேஸைக் குறைத்துவிடுவீர்கள், மிக்ஸ் வெளியே போகும்போது ஒல்லியாகப் போகும். ட்ரெபிளை ஏற்றிக் காட்டினால் மிக்ஸ் மந்தமாகப் போகும்.

இரண்டாவது, உங்கள் அறை. ஃபேன், ஏசி, தெருச் சத்தம், அதே அறையில் மைக் இருக்கிறதா இல்லையா. கடையில் அருமையாகக் கேட்ட ஹெட்ஃபோன் வீட்டில் காலை வாருவது இங்கேதான்.

மூன்றாவது, ஜோடிப் பொருத்தம். இந்த ஹெட்ஃபோனை அந்த இன்டர்ஃபேஸ் போதுமான ஒலியில், சுத்தமாக ஓட்டுமா?

நான்காவது, எத்தனை மணி நேரம் தலையில் வைத்திருக்க முடியும். நம் ஊர் வெயிலில் இது சொகுசுக் கேள்வி இல்லை.

ஐந்தாவது, மூன்று வருடம் கழித்து. இயர் பேடும் கேபிளும் தனியாகக் கிடைக்குமா, இன்டர்ஃபேஸுக்கு டிரைவர் சாஃப்ட்வேர் வந்துகொண்டிருக்குமா, வேண்டாம் என்றால் விற்க முடியுமா.

## ஹெட்ஃபோன்: க்ளோஸ்ட் பேக்

காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் முழுக்க அடைத்திருக்கும் வகை. சோனி எம்டிஆர்-7506, ஆடியோ டெக்னிகா எம்40எக்ஸ், எம்50எக்ஸ், பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, சென்ஹைசர் ஹெச்டி 280 ப்ரோ எல்லாம் இந்தக் கூட்டம்.

இதன் பெரிய பலம், உள்ளே ஓடுவது வெளியே கசியாது. பாடகர் மைக் முன்னால் நிற்கும்போது அவர் காதில் ஓடும், தாளம் காட்டும் க்ளிக் சத்தம் மைக்கில் ஏறாது. மெதுவான பாட்டில் பல்லவி முடிந்த அமைதியில் 'டிக், டிக்' என்று க்ளிக் கேட்கிற ரெக்கார்டிங்கைச் சுத்தம் செய்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வெளிச்சத்தமும் ஓரளவு தடுக்கப்படும். நிறுவனங்கள் சொல்லும் கணக்கில் டிடி 770 சுமார் 18 டெசிபல், ஹெச்டி 280 ப்ரோ 32 டெசிபல் வரை. ஆனால் தடுப்பு முக்கியமாக மேல் அலைவரிசைகளில்தான். பஸ் உறுமலும் ஏசி கம்ப்ரசரின் அதிர்வும் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும்.

பலவீனம் பேஸில். அடைத்த கிண்ணத்துக்குள் காற்று மோதித் திரும்புவதால் கீழ்ப்பகுதி கொஞ்சம் வீங்கும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் கும்கி விழும்போது கவனியுங்கள். கையை அழுத்தித் தேய்க்கையில் சுருதி வழுக்கிக்கொண்டு போகும் அந்த நகர்வு கேட்க வேண்டும். வீங்கிய பேஸில் அது 'தும்' என்ற ஒரே மொத்தையாகிவிடும். உடனே ஈக்யூவை (அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் கருவி) திறந்து கீழே வெட்டத் தோன்றும். வெட்டினால் வெளியே மிருதங்கம் தகர டப்பா ஆகிவிடும். எம்50எக்ஸில் இந்த ஆபத்து உண்டு. பாட்டுக் கேட்க அது ஜோராக இருக்கும், மிக்ஸிங்குக்கு அதன் தம்பி எம்40எக்ஸ் நேர்மையானது, விலையும் குறைவு. ஆளாளுக்கு எம்50எக்ஸ் என்று சொல்வதால் அதையே வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான்.

7506-இன் குணம் வேறு. 1991 முதல் சந்தையில் இருக்கிறது, உலகம் முழுக்க ஒலிப்பதிவு செய்கிறவர்கள் கழுத்தில் இன்னும் தொங்குகிறது. மேல்பகுதி தூக்கலாக இருப்பதால் வாய்ச் சத்தம், க்ளிக், எடிட் செய்த இடத்தில் விழும் வெட்டு எல்லாம் பளிச்சென்று கேட்கும். டப்பிங் எடிட் செய்கிறவர்களுக்கு இதைவிட மலிவான பூதக்கண்ணாடி கிடையாது. ட்ரெபிள் அளவை முடிவு செய்ய மட்டும் இதை நம்பாதீர்கள். சுருள் கேபிள் நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டது, அறுந்தால் சால்டரிங் வேலைதான்.

வியர்வைக்கு வருவோம். செயற்கைத் தோல் பேட் போட்ட மாடல்களில் அரை மணி நேரத்திலேயே காதைச் சுற்றி ஈரம் நிற்கும். பாலியூரித்தேன் வகைத் தோல் ஈரப்பதத்தில் சிதையும் பொருள். நம் கடற்கரைக் காற்றில், அதுவும் பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி இடங்களில், அது கறுப்புச் செதில் செதிலாக உதிர்ந்து கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும். டிடி 770-இல் இருக்கும் வெல்வெட் மாதிரியான துணிப் பேட் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். கழற்றி அலசிக் காயவைக்கலாம்.

## ஹெட்ஃபோன்: ஓபன் பேக்

வெளிப்பக்கம் வலை. உள்ளே அழுத்தம் சேராது, அதனால் பேஸ் வீங்காது. ஒலி தலைக்குள் அடைந்து கிடக்காமல் கொஞ்சம் வெளியே விரிந்த மாதிரி இருக்கும். இடது, வலது பிரிப்பதும், ரிவெர்ப் ஆழம் வைப்பதும், குரலுக்கும் வயலினுக்கும் இடம் ஒதுக்குவதும் இதில் சுலபம். மணிக்கணக்கில் போட்டிருந்தாலும் காது அவியாது. சென்ஹைசர் ஹெச்டி 560எஸ், ஹெச்டி 600, பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, டிடி 900 ப்ரோ எக்ஸ் இந்தப் பக்கம்.

மிக்ஸிங் ஒன்றுதான் வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஓபன் பேக் என்று சொல்லிவிடுவேன், தலைக்கு மேலே ஒரு ஃபேன் இல்லாமல் இருந்தால்.

சென்னையில் இந்த முடிவை எடுப்பது பெரும்பாலும் அந்த சீலிங் ஃபேன்தான். ஃபேன் சத்தம் ஒரு குறிப்பிட்ட சுருதியில் வராது. எல்லா அலைவரிசையிலும் மெல்லிய 'ஸ்' என்று பரவிக் கிடக்கும். வலைக்குள் அது அப்படியே நுழையும். உரக்க ஒலிக்கும் பகுதிகளில் தொந்தரவு தெரியாது, ரிவெர்ப் தேய்ந்து மறையும் வால்தான் அதில் மூழ்கிப்போகும். வால் கேட்கவில்லை என்று ரிவெர்பை ஏற்றுவீர்கள். மறுநாள் காரில் போட்டுக் கேட்டால் பாடகர் கோயில் பிராகாரத்தில் நின்று பாடுவது போல் இருக்கும். இன்னொன்று, ஃபேனை மீறிக் கேட்கவே ஒலியைக் கூட்டுவோம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது அமெரிக்காவின் நையோஷ் அமைப்பு பணியிடங்களுக்குப் பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும், 88 என்றால் நான்கு மணி நேரம்தான்.

கத்திரி வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு மிக்ஸ் செய்யுங்கள் என்று யாருக்கும் சொல்ல முடியாது. ஸ்ப்ளிட் ஏசி இருந்தால் அதன் ஃபேன் வேகத்தைக் குறைவில் வைத்து வேலை செய்யலாம், பிரச்சினை பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். ஏசி இல்லை என்றால் விடிகாலை நாலரையிலிருந்து ஏழு வரை ரிவெர்ப், பேலன்ஸ் வேலைகளை வைத்துக்கொண்டு, எடிட்டிங்கைப் பகலுக்குத் தள்ளலாம். இரண்டும் முடியாது, மெயின் ரோட்டைப் பார்த்த அறை, நாள் முழுக்க ஃபேன் ஓடியாக வேண்டும் என்றால் ஓபன் பேக்கை மறந்துவிட்டு டிடி 770 பக்கம் போங்கள்.

மாடல்களில் ஹெச்டி 560எஸ் எனக்கு முதல் தேர்வு. நடுப்பகுதி, அதாவது குரல் வாழும் இடம், ஒழுங்காக இருக்கும், கேபிளைக் கழற்றி மாற்றலாம். டிடி 990-இன் ட்ரெபிள் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். பாட்டில் வரும் 'ஸ', 'ஷ' சீறுவதும் கிட்டத்தட்ட அங்கேதான். ஒவ்வொரு 'ஸ'வும் ஊசி மாதிரி குத்தும், அந்தச் சீறலை அடக்கும் டி-எஸ்ஸரை அளவுக்கு மீறி ஏற்றிவிடுவீர்கள், பாடகருக்குப் பல்லே இல்லாத மாதிரி ஆகிவிடும். ஹெச்டி 600 இன்னும் மேலான கருவி, ஆனால் 300 ஓம். அதன் கதை அடுத்த பகுதியில்.

ஏகேஜி கே240 மாதிரி செமி ஓபன் வகை இரண்டுக்கும் நடுவில். கசிவும் உண்டு, பேஸும் கொஞ்சம் குறைவு. பட்ஜெட் ரொம்ப இறுக்கமாக இருந்தால் ஒழிய நான் சொல்லமாட்டேன். ப்ளூடூத், நாய்ஸ் கேன்சலிங் இரண்டையும் மிக்ஸிங்குக்கு விட்டுவிடுங்கள். ஒன்று ஒலியைச் சுருக்கி, தாமதித்துத் தரும். மற்றது தன் இஷ்டத்துக்கு ஒலியைத் திருத்தித் தரும்.

## ஓம் கணக்கு: ஜோடி சேர்வது இங்கேதான்

ஓம் என்பது ஹெட்ஃபோனின் மின் தடையின் அளவு. ஓம் அதிகம் என்றால் தரம் அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படி இல்லை. ஓம் அதிகமானால் அதே ஒலிக்கு அதிக வோல்டேஜ் தேவை, அவ்வளவுதான். கூடவே சென்சிடிவிட்டியையும், அதாவது கொடுக்கும் மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பதையும் பார்க்க வேண்டும். நிறுவனங்கள் தரும் எண்களிலிருந்து, எல்லாவற்றுக்கும் ஒரே 1 வோல்ட் கொடுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்று கணக்குப் போட்டால் இப்படி வருகிறது:

| மாடல் | வகை | ஓம் | 1 வோல்டில் சுமார் | கேபிள் |
|---|---|---|---|---|
| சோனி எம்டிஆர்-7506 | க்ளோஸ்ட் | 63 | 118 டெசிபல் | பிணைந்தது |
| ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் | க்ளோஸ்ட் | 38 | 113 டெசிபல் | கழற்றலாம் |
| சென்ஹைசர் ஹெச்டி 560எஸ் | ஓபன் | 120 | 110 டெசிபல் | கழற்றலாம் |
| பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, 80 ஓம் | க்ளோஸ்ட் | 80 | 107 டெசிபல் | பிணைந்தது |
| பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 250 ஓம் | ஓபன் | 250 | 102 டெசிபல் | பிணைந்தது |

மேலேயும் கீழேயும் இருப்பவற்றுக்கு நடுவில் 16 டெசிபல். வோல்டேஜ் கணக்கில் ஆறு மடங்குக்கு மேல். 120 ஓம் ஹெச்டி 560எஸ், 80 ஓம் டிடி 770-ஐவிட உரக்கக் கேட்கிறது என்பதையும் பாருங்கள். ஓம் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு அதுவே சாட்சி.

யூஎஸ்பி கேபிளிலேயே கரண்ட் எடுக்கும் சின்ன இன்டர்ஃபேஸுக்கு, யூஎஸ்பி 2.0 கணக்கில், மொத்தமாகக் கிடைப்பதே 5 வோல்ட், 500 மில்லிஆம்பியர். அதில் மைக்குக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவரும் தயாரித்து, ஹெட்ஃபோனையும் ஓட்ட வேண்டும். 250, 300 ஓம் ஹெட்ஃபோனைக் கொடுத்தால் குமிழை முழுக்கத் திருப்பியும் 'இன்னும் கொஞ்சம் வேண்டுமே' என்று இருக்கும். மாஸ்டரிங் முடிந்த சினிமாப் பாட்டில் இது தெரியாது. உச்ச அளவுக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு, மெதுவாக வைத்திருக்கும் உங்கள் சொந்த மிக்ஸில் தெரியும். அப்போது ஹெட்ஃபோன் ஆம்ப் என்று இன்னொரு செலவு முளைக்கும்.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. 7506 போல எளிதில் கத்தும் ஹெட்ஃபோனைப் பலமான அவுட்டில் செருகினால் குமிழை ஒன்பது மணி நிலைக்கு மேல் திருப்ப முடியாது. அந்தத் தொடக்கப் பகுதியில்தான் பல குமிழ்களில் இடது வலது சமமாக இருக்காது. நடுவில் வைத்த குரல் ஒரு பக்கம் சாயும், நீங்கள் ஒலியை இடது வலதாக நகர்த்தும் பேன் குமிழைத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள்.

## இன்டர்ஃபேஸ்: நான்கு வழிகள்

எதுவும் வாங்காமல் இருப்பது. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மற்றவர்கள் அனுப்பும் ட்ராக்குகளை மிக்ஸ் செய்வது மட்டும்தான் வேலை என்றால் மைக் இன்புட் உங்களுக்கு எதற்கு? 2021 முதல் வந்த 14, 16 இன்ச் மேக்புக் ப்ரோ, 2022-இல் வந்த எம்2 மேக்புக் ஏர் ஆகியவற்றின் ஹெட்ஃபோன் ஜாக், செருகியது எத்தனை ஓம் என்று தானே கண்டுபிடிக்கும். 150 ஓமுக்குக் கீழே என்றால் 1.25 வோல்ட், அதற்கு மேலே என்றால் 3 வோல்ட் வரை கொடுக்கும். மேலே உள்ள கணக்குப்படி 250 ஓம் டிடி 990-கூட 111 டெசிபல் வரை போகும். இவர்கள் முப்பதாயிரத்தையும் ஹெட்ஃபோனில் போடலாம்.

விண்டோஸ் லேப்டாப்பில் நிலைமை மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் ஜாக்கில் மவுஸை அசைத்தாலே 'கிர்ர்' என்று கேட்கும். அதைவிட மோசமானது, டால்பி மாதிரி 'ஒலி மேம்பாடு' சாஃப்ட்வேர் பின்னால் ஓடிக்கொண்டு பேஸை ஏற்றிக்கொண்டிருப்பது. சவுண்ட் செட்டிங்ஸில் போய் அதை அணைக்காமல் எந்த மிக்ஸும் செய்யாதீர்கள்.

விலை குறைந்தவை. பெரிங்கர் யூஎம்சி22, யூஎம்சி202ஹெச்டி, யூஎம்சி204ஹெச்டி. இதில் யூஎம்சி22-ஐத் தவிர்க்கலாம். சாம்பிள் ரேட் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது) 48 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும் என்பது பிரச்சினை இல்லை, சினிமா வேலைக்கு 48 கிலோஹெர்ட்ஸ்தான் கேட்பார்கள். விண்டோஸில் அது ஏசியோ4ஆல் என்ற பொது டிரைவரை நம்பி ஓடுவதுதான் தலைவலி. கொஞ்சம் மேலே போட்டு 202 அல்லது 204 எடுத்தால் நிறுவனத்தின் சொந்த ஏசியோ (விண்டோஸில் ஒலித் தாமதத்தைக் குறைக்கும்) டிரைவர் கிடைக்கும். எம்40எக்ஸ், ஹெச்டி 560எஸ் போன்றவற்றுக்கு இதுவே போதும். 250 ஓம் பக்கம் போகாதீர்கள்.

நடுத்தரம். ஸ்கார்லெட் 2ஐ2, மோட்டு எம்2, ஆடியன்ட் ஐடி4, ஐடி14, யுனிவர்சல் ஆடியோ வோல்ட் 2. ஒலித் தரத்தில் இவற்றுக்குள் மண்டையை உடைத்துக்கொள்ள எதுவும் இல்லை. வித்தியாசம் வசதிகளில்தான். 2023-இல் வந்த நான்காம் தலைமுறை 2ஐ2-இல் மைக் கெய்ன் (மைக் ஒலியை ஏற்றும் அளவு) 69 டெசிபல் வரை போகிறது. அதே தலைமுறை சோலோவில் 57-தான். ஷூர் எஸ்எம்7பி மாதிரி மந்தமான டைனமிக் மைக்குக்குச் சுமார் 60 டெசிபல் வேண்டும், அதனால் பாட்காஸ்ட்காரர்கள் இந்த இடத்தில் பிசகக் கூடாது. மோட்டு எம்2-இல் முகப்பிலேயே எல்சிடி மீட்டர் இருக்கிறது, ரெக்கார்டிங்கில் ஓவர்லோடு ஆகிறதா என்று ஒரு பார்வையில் தெரியும். ஐடி4-இல் ஒரே மைக் ப்ரீஆம்ப் (மைக் ஒலியைப் பெருக்கும் பகுதி), ஆனால் ஹெட்ஃபோனுக்குப் பெரிய ஜாக், சின்ன ஜாக் இரண்டும் இருப்பதால் பாடகரும் நீங்களும் சேர்ந்து கேட்கலாம்.

192 கிலோஹெர்ட்ஸ் என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒலி தாமதமாக வரும் லேட்டன்சி கவலையும் ரெக்கார்டிங் செய்கிறவருக்குத்தான். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கம்ப்யூட்டர் சேர்த்துவைத்து அனுப்பும் ஒலித் துண்டு) என்றால் ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லிசெகண்ட். மிக்ஸிங்கில் பஃபரை 1024-க்கு ஏற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ப்ளே அழுத்தி 21 மில்லிசெகண்ட் கழித்துப் பாட்டு வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

பெரிய இடம். ஆர்எம்ஈ பேபிஃபேஸ் போன்றவை. பழைய மாடல்களுக்கும் வருடக்கணக்கில் டிரைவர் தருவதுதான் ஆர்எம்ஈயின் உண்மையான மதிப்பு. இதை வைத்துச் சம்பாதிப்பவருக்குச் சரி. முதல் இன்டர்ஃபேஸாக வேண்டாம்.

## யாருக்கு எது

மிக்ஸிங் மட்டும், அறை அமைதி: ஹெச்டி 560எஸ், அதோடு லேப்டாப் ஜாக் அல்லது யூஎம்சி202ஹெச்டி. பணத்தில் முக்கால் பங்கு ஹெட்ஃபோனுக்கு.

மிக்ஸிங் மட்டும், ஃபேனும் தெருச் சத்தமும் உண்டு: டிடி 770, 80 ஓம். நடுத்தர இன்டர்ஃபேஸ் இதை நன்றாக ஓட்டும். 250 ஓம் டிடி 770 மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அதே அறையில் பாடி, அதே அறையில் மிக்ஸ் செய்பவர்: சரிபாதி. எம்40எக்ஸும் 2ஐ2 அல்லது எம்2-வும். பின்னால் பணம் வரும்போது ஓபன் பேக் ஒன்று சேர்த்துக்கொண்டால் எம்40எக்ஸ் பாடகர் காதுக்குப் போய்விடும், எதுவும் வீணாகாது.

கச்சேரி ரெக்கார்டிங் செய்பவர்களுக்குக் கணக்கே வேறு. குரல், வயலின், மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் என்று நான்கு மைக் ஆகிவிடும். ஸ்கார்லெட் 4ஐ4, மோட்டு எம்4 என்ற பெயர்களில் இருக்கும் நாலைப் பார்த்து நான்கு மைக் போடலாம் என்று வாங்கிவிடாதீர்கள். இரண்டிலும் மைக் ப்ரீஆம்ப் இரண்டுதான், மற்ற இரண்டும் கீபோர்டு போன்றவற்றுக்கான லைன் இன்புட். குறைந்த செலவில் நான்கு ப்ரீஆம்ப் வேண்டும் என்றால் யூஎம்சி404ஹெச்டி. இங்கே மட்டும் ஹெட்ஃபோனைவிட இன்டர்ஃபேஸுக்கு அதிகம் போடலாம்.

## பில்லில் வராத செலவுகள்

இரைச்சல்தான் முதலில் வரும். லேப்டாப்பை சார்ஜில் போட்டுக்கொண்டு வேலை செய்யும்போது ஹெட்ஃபோனில் 'ம்ம்' என்று ஒரு ரீங்காரம், லேப்டாப்பின் உலோக உடம்பைப் புறங்கையால் தடவினால் மெல்லிய சுரசுரப்பு. சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரண்டும் நின்றுவிட்டால் இன்டர்ஃபேஸ் மேல் குற்றம் இல்லை. இரண்டு பின் சார்ஜரோ, பழைய கட்டடத்தின் எர்த் வயரோதான் காரணம். மூன்று பின் சார்ஜர் வாங்கி, எலெக்ட்ரீஷியனை அழைத்து அந்த பிளக் பாயிண்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதைத் தெரியாமல் இன்டர்ஃபேஸை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. கரண்ட் போய் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போதும் இதே போல இரையும். அந்த நேரத்தில் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் போதும். யூஎஸ்பியிலேயே கரண்ட் எடுக்கும் இன்டர்ஃபேஸுக்கு இது ஒரு வசதி.

அடுத்தது இயர் பேட். வாங்கும் முன்பே அந்த மாடலுக்கு ஒரிஜினல் பேட் இந்தியாவில் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைக்கும் ஏதோ ஒரு பேடைப் போட்டால் ஒலியே மாறிவிடும்.

ஹெட்ஃபோனின் மேடு பள்ளங்களைச் சமன் செய்யும் சாஃப்ட்வேரும் ஒரு செலவு. சோனார்வொர்க்ஸின் சவுண்ட்ஐடி ரெஃபரன்ஸ் காசுக்கு, ஆட்டோஈக்யூவின் அளவுகள் இலவசம். இலவசத்தை முதலில் முயன்று பாருங்கள். ஒரு விஷயம், இந்தத் திருத்தம் உங்கள் காதுக்கு மட்டும். மாஸ்டர் ட்ராக்கில் போட்டுவிட்டு அணைக்க மறந்து எக்ஸ்போர்ட் செய்தால் திருத்தமும் சேர்ந்து ஃபைலில் போய்விடும். ரீப்பரில் மானிட்டரிங் எஃபெக்ட்ஸ் என்று தனி இடம் இருக்கிறது, அங்கே போட்டால் எக்ஸ்போர்ட்டில் சேராது.

## வாங்கும்போது

கேபிள், 6.3 மில்லிமீட்டர் அடாப்டர் போன்ற சில்லறைச் சாமான்களுக்கு ரிச்சி தெரு போதும். ஹெட்ஃபோனை மட்டும் சீல் உடைத்த பெட்டியிலோ நம்ப முடியாத விலையிலோ வாங்காதீர்கள். 7506-க்கும் எம்50எக்ஸுக்கும் போலிகள் நிறைய, பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்திய வாரண்டி, ஜிஎஸ்டி பில், பில்லில் சீரியல் எண் மூன்றும் வேண்டும். ஜிஎஸ்டி பதிவு வைத்துத் தொழில் செய்பவர் என்றால் உங்கள் எண்ணையும் பில்லில் போடச் சொல்லுங்கள், கட்டும் வரியைப் பின்னால் கழித்துக்கொள்ளலாம்.

அண்ணா சாலையின் இசைக்கருவிக் கடைகளில் கேட்டுப் பார்க்க விடுவார்கள் என்றால் நேரில் போங்கள். கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்காமல் உங்கள் ஃபோனில் மூன்று கொண்டு போங்கள்: நன்றாகப் பழகிய ஒரு பாட்டு, உங்களுடைய அரைகுறை மிக்ஸ் ஒன்று, குரல் மட்டும் தனியாக உள்ள ட்ராக் ஒன்று. முதலாவதில் பேஸ் வழக்கத்தைவிட அதிகமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். குரல் ட்ராக்கில் 'ஸ' வரும் இடங்களைக் கவனியுங்கள். உங்கள் மிக்ஸை ஓட்டும்போது, நீங்கள் இதுவரை கவனிக்காத ஒரு குறையைக் காட்டிக்கொடுத்தால் அந்த ஹெட்ஃபோனை வாங்கலாம். எல்லாமே அழகாகக் கேட்டால் வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். கடையில் ஏசி ஓடும், வீட்டில் ஃபேன் ஓடும் என்பதால், திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிட்டு, முதல் ராத்திரியே ஃபேனைப் போட்டுக்கொண்டு ஒரு முழு மிக்ஸ் செய்து பாருங்கள்.